திரும்பியாச்சு

அன்றைக்கு மலைக்குப் போனவர்கள் இரண்டு பேர். ஃபோல்டரில் மூன்று மெயில் இருந்தது.

எழில்மதி அதை முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நர்ஸ் பாத்திமாவுக்கு ஒரே மெயிலை இரண்டு தடவை அனுப்புகிற வழக்கம் உண்டு. போகவில்லையோ என்று சந்தேகம் வந்தால் மறுபடி ஒரு தட்டு தட்டிவிடுவாள். மணி நாலேகால். கார்த்திகை மாதத்து மூட்டத்தில் அதற்குள்ளேயே ட்யூப் லைட் போட வேண்டியிருந்தது. கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் போகிற சாலையில், ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிற அந்த ஆபீஸில் அவளைத் தவிர அப்போது யாரும் இல்லை. மேனேஜர் தெய்வசிகாமணி ஒரு வேலையாகச் சங்கராபுரம் வரை போயிருந்தார். கீழே காற்றடிக்கிற மெஷின் விட்டு விட்டு உறுமிக்கொண்டிருந்தது. டீயை ஒரு வாய் குடித்துவிட்டு அவள் மூன்றாவது மெயிலைத் திறந்தாள்.

"இன்று மலையில். ஓடை தாண்டி, கடைசி ஊர். மலை பஸ்ஸில் போகிறேன். எழில்மதி."

அனுப்பிய நேரம் காலை 9.12. அவளுடைய பெயர், அவளுடைய மெயில் ஐடி. ஒன்பது பன்னிரண்டுக்கு அவள் இதே நாற்காலியில் உட்கார்ந்து, களமருதூரிலிருந்து அம்மா கட்டிக்கொடுத்த இட்லியைத் தின்றுகொண்டிருந்தாள். மலைக்குப் போவது அவள் வேலையே இல்லை. சேர்ந்த இந்த மூன்று வருஷத்தில் ஒரே ஒரு தடவை எல்லாரோடும் ஜீப்பில் வெள்ளிமலை வரை போய், வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துவிட்டு வந்ததோடு சரி.

கல்வராயன் மலையில் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்த்துவரும் சின்ன அறக்கட்டளை அது. நர்ஸுகள் ஆளுக்கொரு ஊராகப் போவார்கள். பாதி ஊரில் டவர் கிடையாது. அதற்காகத் தெய்வசிகாமணி ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். ஆபீஸ் மெயிலில் எல்லாருக்கும் பொதுவாக இரண்டு ஃபோல்டர். ஒன்றுக்குப் பெயர் 'மலையில்', இன்னொன்றுக்கு 'திரும்பியாச்சு'. மலையேறுகிறவர், கச்சிராயபாளையத்தில் டவர் விடுவதற்குள், எங்கே போகிறோம் என்று ஒரு மெயில் அனுப்ப வேண்டும். அது 'மலையில்' ஃபோல்டரில் வந்து உட்காரும். சாயங்காலம் இறங்கியதும் அவரே தன் போனிலிருந்து அதை 'திரும்பியாச்சு'வுக்கு நகர்த்த வேண்டும். ஆறு மணிக்கு யாருடைய மெயிலாவது 'மலையில்' மிச்சம் இருந்தால் ஜீப் தேடிக்கொண்டு போகும். ஃபோல்டர் காலியாகும் வரை மேஜையில் இருக்கிற ஆள், அதாவது எழில்மதி, வீட்டுக்குக் கிளம்பக் கூடாது.

அவரவர் மெயிலை அவரவர்தான் நகர்த்த வேண்டும் என்பது பேச்சு. ஆனால் யாருக்கு எந்த உரிமை என்று ஒவ்வொரு பெயராக உட்கார்ந்து பிரித்துக் கொடுக்க மனுஷனுக்குச் சோம்பல். எல்லாப் பெயரையும் மொத்தமாக டிக் செய்து எல்லாருக்கும் முழு உரிமை கொடுத்துவிட்டார். யார் மெயிலையும் யாரும் நகர்த்தலாம். நகர்த்தியது யாரென்று எங்கேயும் தெரியாது. பீரோவைப் பூட்டி, சாவியைப் பீரோ மேலேயே வைக்கிற ஆட்கள்தானே நாம்.

அந்த வசதியை எழில்மதி ஒரே ஒரு தடவை பயன்படுத்திக்கொண்டாள். முப்பத்தொரு நாளைக்கு முன்னால். அன்றும் மழை. 'ஓடை தாண்டி, கடைசி ஊர்' என்று நர்ஸ் மெர்லின் அனுப்பிய மெயில் ஐந்தே முக்கால் ஆகியும் 'மலையில்'தான் இருந்தது. மெர்லின் சரியான மறதிக்காரி. அதற்கு முன்னால் நாலு தடவை, அவள் ஹாஸ்டலுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுப் படுத்த பிறகு, போன் போட்டுத்தான் நகர்த்த வைக்க வேண்டியிருந்தது. அன்று போன் போகவில்லை. ஆறேகால் பஸ்ஸை விட்டால் உளுந்தூர்பேட்டையில் இறங்கி, களமருதூர் பஸ்ஸுக்கு லாரிப் புகையில் ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும். எழில்மதி மெர்லினின் மெயிலைத் தானே நகர்த்திவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மெர்லின் இறங்கி வரவேயில்லை. மூன்றாம் நாள் விஷயம் வெளியே வந்தபோது எல்லாரும் முதலில் பார்த்தது ஃபோல்டரைத்தான். 'திரும்பியாச்சு' என்று இருந்தது. அப்படியானால் கீழே வந்துவிட்டாள், வந்தவள் எங்கேயோ போயிருக்கிறாள். யாரோடோ போயிருக்கிறாள் என்று ஆவதற்கு அதற்குமேல் ஒரு நாள்தான் பிடித்தது. பஸ் ஸ்டாண்டுகளில் தேடினார்கள், சேலத்தில் தேடினார்கள், சென்னையில் தேடினார்கள். மலையில் யாரும் தேடவில்லை. எழில்மதி முதல் நாளே சொல்லியிருக்கலாம். வேலை போகும், போலீஸ் வரும், ஊரில் தலைகாட்ட முடியாது என்று பயந்தாள். இரண்டாம் நாள் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. அதற்கப்புறம் நாக்கு எழவில்லை.

இப்போது அவள் தன் பெயரில் இருந்த மெயிலை 'திரும்பியாச்சு'வுக்கு இழுத்துப் போட்டாள். போனது. பாத்திமாவின் மெயிலும் சுபஸ்ரீயின் மெயிலும் அடுத்தடுத்துத் தாமாக நகர்ந்தன. இரண்டு பேரும் கச்சிராயபாளையம் இறங்கிவிட்டார்கள். நல்லது, இன்றைக்குச் சீக்கிரம் கிளம்பலாம் என்று நினைத்துக்கொண்டே டீயின் அடியில் இருந்த மிச்சத்தைக் குடித்தாள். டம்ளரை வைத்துவிட்டுப் பார்த்தால் 'மலையில்' பக்கத்தில் ஒன்று என்று காட்டியது.

அதே மெயில். மறுபடி நகர்த்தினாள். மறுபடி வந்தது. மூன்றாவது தடவை அது இடத்தை விட்டு அசையவேயில்லை. 'இந்த மெயிலை நகர்த்த உங்களுக்கு உரிமை இல்லை' என்று ஒரு சின்னக் கட்டம் வந்து நின்றது. ஃபோல்டரின் உரிமைப் பட்டியலைத் திறந்தாள். பதினொரு பெயர். பத்துப் பெயருக்கு நேரே முழு உரிமை. மெர்லினுக்கும்தான், அவள் பெயரை யாரும் இன்னும் எடுக்கவில்லை. எழில்மதிக்கு நேரே மட்டும் 'படிக்க மட்டும்' என்றிருந்தது.

பட்டியலை மூடித் திறந்தாலும் அதேதான் காட்டியது. யாரோ தெரிந்துகொண்டுதான் விளையாடுகிறார்கள் என்று தோன்றியது. மனுஷ விளையாட்டாக இருந்தால் தேவலாம் என்றும் தோன்றியது. தெய்வசிகாமணிக்குப் போன் போட்டாள்.

"சார், நான் எழில்மதி. ஃபோல்டர்ல என்னமோ..."

"அலோ. யாரு, எழிலா? உட்டு உட்டு கேக்குதும்மா. மேல டவர் இல்ல. எறங்கிட்டுப் பேசு."

"சார், நான் ஆபீஸ்லதான் இருக்கேன்."

"இன்னா, ஓடைப் பக்கத்துல நிக்கிறியா? தண்ணி சத்தம் ஜாஸ்தியா கேக்குது. மழையில நனைஞ்சிக்கினு நிக்காத. எங்கனா ஒதுங்கு."

போன் கட்டாகிப்போனது. தண்ணீர்ச் சத்தமா என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். டயர் கடை மெஷின் எப்போது நின்றதென்று தெரியவில்லை. சாலையில் போகிற பஸ்களின் ஹாரனும் இல்லை. அந்த அமைதிக்குள்ளிருந்து, இரும்பு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து, கல் மேல் தண்ணீர் விழுந்து ஓடுகிற சத்தம், எத்தனையோ நேரமாக அங்கேயே இருந்ததுபோல, மெதுவாக அவளுக்குக் கேட்க ஆரம்பித்தது. கூடவே ஒரு வாடை வந்தது. மழையில் நாள்கணக்காக ஊறி அழுகிய மூங்கில் இலையின் வாடை.

போன் அடித்தது. அம்மா.

"இன்னாடி, மலைக்குப் போறேன்னு சொல்லவேயில்ல? உங்க சார் இப்பதான் சொன்னாரு. காலையிலயே சொல்லியிருந்தா ஸ்வெட்டர் குடுத்து அனுப்பியிருப்பேன்ல."

"அம்மா, நான் போகலம்மா. ஆபீஸ்ல இருக்கேன். நான் பேசறது கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கல. தண்ணி சத்தமாத்தான் இருக்குது. எதுக்கும் இருட்டறதுக்குள்ள கெளம்பு. வெச்சிடறேன்."

எழில்மதி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மெயிலாவது மண்ணாவது, பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நாலு ஜனங்களுக்கு நடுவில் நின்றால் சரியாகிவிடும். மாடிப்படி மொத்தம் இருபத்திரண்டு. தினமும் ஏறி இறங்குகிற படி, கண்ணைக் கட்டிவிட்டாலும் இறங்குவாள். பத்தாவது படியில் கைப்பிடிச் சுவர் ஈரமாக இருந்தது. பதினைந்தில் பாசி கையில் ஒட்டியது. இருபத்திரண்டில் டயர் கடையின் ரப்பர் வாடை வர வேண்டும். வரவில்லை. கால் இன்னொரு படியில் இறங்கியது. இன்னொன்றில். முப்பதுக்கு மேல் சிமெண்டு இல்லை, கரடுமுரடான கல்தான் இருந்தது. அதற்குக் கீழே பஞ்சைப் பிய்த்துப் போட்டதுபோலப் பனிமூட்டம், மூட்டத்துக்குள் தண்ணீர் இரைச்சல்.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஆபீஸ் ட்யூப் லைட் வெகு உயரத்தில், மலை உச்சியில் யாரோ குடியிருக்கிற வீட்டு விளக்குபோலத் தெரிந்தது. விழுந்தடித்து ஏறினாள். முப்பது படி ஏறிக் களைக்க வேண்டியவள், ஏழே படியில் ஆபீஸ் வாசலுக்கு வந்துவிட்டாள். வெள்ளை டைல்ஸ் தரையில் அவளுடைய காலடித் தடம் விழுந்தது. கணுக்கால் வரைக்கும் செம்மண் சேறு.

உள்ளே, வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் எட்வின் உட்கார்ந்திருந்தான்.

மெர்லினின் தம்பி. சங்கராபுரம் பக்கத்தில் ஒரு ஊர். இந்த ஒரு மாதமாகத் திங்கட்கிழமை தவறாமல் வந்து, ஏதாவது தகவல் உண்டா என்று கேட்டுவிட்டுப் போவான். அவன் வருகிற நேரம் பார்த்து எழில்மதி பாத்ரூமுக்குள் போய் நின்றுகொள்வது வழக்கம். இன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"எட்வின்."

அவன் கைக்குட்டையால் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எட்வின், இங்க பாரு. நான் இங்கதான் நிக்கிறேன்."

அவன் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் பார்த்தான். அவள் அவனுக்கும் அட்டவணைக்கும் நடுவில் போய் நின்றாள். அப்போதும் அவன் அட்டவணையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவளுக்குள் என்னவோ உடைந்தது. முப்பத்தொரு நாளாகச் சொல்லாமல் வைத்திருந்தது அப்படியே வெளியே வந்தது. "உங்க அக்கா எறங்கி வரல எட்வின். அந்த மெயில நான்தான் மாத்துனேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு மாத்துனேன். அவ யாரோடயும் போகல. மேலதான் இருக்கா. ஓடை தாண்டிப் போற வழியில தேடச் சொல்லு. தயவுசெஞ்சு தேடச் சொல்லு." அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எட்வின் காலை இழுத்துக்கொண்டான். பேன்ட்டில் பட்ட ஈரத்தைப் பார்த்தான். கூரையை அண்ணாந்து பார்த்தான். பிறகு பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டான்.

படியில் குடையை உதறுகிற சத்தம். தெய்வசிகாமணி வந்தார்.

"இன்னா எட்வின், ரொம்ப நேரமா உக்காந்துக்கினு இருக்கியா?"

"இப்பதான் வந்தேன் சார். எதுனா தகவல் வந்துதுங்களா?"

"வந்தா சொல்ல மாட்டனா? எறங்கிட்டான்னு மெயில் இருக்குது. அதுக்கு மேல நான் இன்னா பண்றது தம்பி."

"எழில்மதி அக்கா இல்லீங்களா?"

"மலைக்குப் போயிருக்குது."

எட்வின் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தான். "அவங்க மலைக்கெல்லாம் போவ மாட்டாங்களே சார்" என்றான்.

"இன்னிக்குப் போயிருக்குது."

தெய்வசிகாமணி அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து ஃபோல்டரைப் பார்த்தார். மணி அதற்குள் ஐந்து ஐம்பது ஆகியிருந்தது. ஒன்று. எழில்மதி அவர் பக்கத்தில் நின்று அந்த ஒன்றையே பார்த்தாள். இன்னும் பத்து நிமிஷம் அது அங்கேயே இருந்தால் போதும். ஆறு மணிக்கு ஜீப் கிளம்பும். எங்கே இருக்கிறோம் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் அவர்கள் மலையில் தேடினால், அவள் மலையில் கிடைப்பாள். அவளோடு இன்னொருத்தியும் கிடைப்பாள். அதுவரை அந்த மெயிலைக் கண்டு நடுங்கிக்கொண்டிருந்தவள், அது அங்கேயே இருக்க வேண்டும் என்று குலதெய்வத்தை வேண்டினாள்.

மழை ஓங்கிப் பிடித்தது. தெய்வசிகாமணி ஜன்னலைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"இந்த மழையில ஜீப்ப எங்கன்னு அனுப்புறது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "எறங்கியிருக்கும். மாத்த மறந்திருக்கும்."

"சார், வேணாம் சார்."

அவர் கை மவுஸுக்குப் போனது. அவள் அந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். பலம் கொண்ட மட்டும் பின்னால் இழுத்தாள்.

"இன்னா குளிரு" என்று அவர் மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். மெயிலை இழுத்து 'திரும்பியாச்சு'வில் விட்டார்.

எட்வின் எழுந்து நின்றான். "எழில்மதி அக்கா வந்துட்டாங்களா சார்?"

"வந்தாச்சு."

இரண்டு பேரும் வெளியே போனார்கள். லைட்டை அணைத்தார்கள். அவள் கதவை நோக்கி ஓடினாள். ஓட ஓட டைல்ஸ் தரை நீண்டுகொண்டே போனது. ஷட்டர் இறங்கியது. பூட்டு. ஒரு தடவை. இரண்டு தடவை. இழுத்துப் பார்த்தார்கள். படியில் செருப்புச் சத்தம் இறங்கியது. அவர்களுக்கு மட்டும் அது இருபத்திரண்டு படிதான்.

கம்ப்யூட்டரை அவர் அணைக்கவில்லை. அந்த வெளிச்சம் மட்டும் இருந்தது.

அவள் நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். வேறு போக இடமில்லை. வெளிச்சத்தைச் சுற்றிப் பனிமூட்டம் இறங்கியது. பீரோ தெரியவில்லை. பிறகு சுவர் தெரியவில்லை. சில்வண்டு கத்த ஆரம்பித்தது. காலுக்கடியில் தரை சரிந்தது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தாள். கையில் கிடைத்தது ஈரமான பாறை.

தண்ணீர் இரைச்சலுக்குள் இன்னொரு சத்தம்.

சேற்றில் எதையோ இழுக்கிற சத்தம். கொஞ்சம் இழுத்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி இழுத்து. அது கிட்டே வந்தது. அவசரமே இல்லாமல் வந்தது. அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

அவள் திரும்பவில்லை. திரும்பக் கூடாது. கீழே மட்டும் பார்த்தாள். கம்ப்யூட்டர் வெளிச்சத்தில் ஒரு மடி தெரிந்தது. நர்ஸ் போடுகிற நீலக் கோட்டு. மடியில் தடுப்பூசிப் பெட்டி. அதைப் பிடித்திருந்த இரண்டு கை. தண்ணீரில் ஊறி வெளுத்து, விரல் நுனிகளில் தோல் உரிந்து கையுறைபோலத் தொங்கியது.

"எழில் அக்கா."

குரல் மெர்லினுடையதுதான். மூக்கடைத்த குரல்.

"கால் வழுக்கிடுச்சிக்கா. ஓடையில. அதுக்கப்புறம் இடுப்புக்குக் கீழ அசைக்க முடியல."

எழில்மதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ரெண்டு நாளு கத்திப் பார்த்தேன். அப்புறம் தொண்டை போயிடுச்சி. ஆனா பயப்படல. ஆறு மணிக்கு ஃபோல்டரப் பார்ப்பாங்க, ஜீப் வந்துடும்னு இருந்தேன். மேஜையில நீங்கதான இருப்பீங்க."

கம்ப்யூட்டர் வெளிச்சம் ஒரு தடவை மங்கியது.

"நீங்களும் மாட்டிக்கினீங்களா? பரவாயில்ல. இனிமே ரெண்டு பேரு. ரெண்டு பேரு மெயில் இருந்தா சீக்கிரம் வருவாங்க, இல்லக்கா?"

இங்கே மெர்லினுக்குக் காது கேட்கும். அது எழில்மதிக்கு உறைத்தது. எட்வினிடம் சொன்ன அத்தனையையும் இங்கே சொன்னால் கேட்கும், ஒரு வார்த்தை விடாமல் கேட்கும். வாயைத் திறந்தாள். குளிர் உள்ளே போனது.

வெளிச்சம் அணைந்தது.

இருட்டில் ஒரு கை அவள் கையைத் தேடியது. கண்டுபிடித்தது. விரலோடு விரல் கோத்துக்கொண்டது. தளர்ந்த தோல் அவள் விரல்களுக்கு நடுவில் வழுக்கியது.

"மணி ஆறாயிடுச்சாக்கா?"

"இல்ல" என்றாள் எழில்மதி. "இன்னும் ஆகல."

"சரிக்கா."

ஈரத் தலை அவள் தோளில் சாய்ந்தது. தலைமுடியிலிருந்து தண்ணீர் அவள் கழுத்தில் இறங்கியது. சில்வண்டு கத்தியது. ஓடை இரைந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

"இப்ப ஆயிடுச்சாக்கா?"